ரெங்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள்



ஜொகூரின் ரெங்கத்திலிருந்து விமானம் ஏற எங்கே போக வேண்டும் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூடச் செனாய் என்று சொல்லிவிடும். ஆனால் அதைவிடப் பக்கத்திலேயே, குளுவாங்கில், ஓர் ஓடுபாதை இருக்கிறது. செனாயைவிட வயதில் மூத்தது. டிக்கெட் எடுத்து ஏறத்தான் முடியாது. இன்று அது மக்கோத்தா ராணுவ முகாம். தரைப்படையின் ஹெலிகாப்டர்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே விமானத் திடல் எதற்கு வந்தது? சிங்கப்பூரைக் காக்க. 1938இல் அங்கே பெரிய கடற்படைத் தளத்தைத் திறந்த வெள்ளைக்காரர்கள், எதிரிக் கப்பலைக் கரைக்கு வருமுன்பே வானத்திலிருந்து அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். அதற்காக மலாயா முழுக்கத் திடல்கள் எழுந்தன. ஜொகூரில் குளுவாங், காஹாங், பத்து பஹாட். திடல் இருந்தது, விமானம்தான் இல்லை. 336 வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்கியபோது கையில் இருந்தவை 158. அவற்றிலும் சில, துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள்.

அடுத்து நடந்ததைத்தான் பாருங்கள். 1942 ஜனவரி கடைசியில் குளுவாங் ஜப்பானியர் கைக்குப் போனது. மெர்சிங்குக்கு வடக்கே எண்டாவ் கடற்கரையில், ஜனவரி 26ஆம் தேதி, அவர்களுடைய கப்பல்கள் வந்து நின்றன. குளுவாங், காஹாங் திடல்களை இயக்குவதற்கான ஆட்களும் சாமான்களும் அவற்றில் வந்தன. அந்தக் கப்பல்களைத் தடுக்கச் சிங்கப்பூரிலிருந்து பறந்து போனவை அதே பழைய இரட்டை இறக்கை விமானங்கள். பட்டப்பகலில் போனார்கள், பலர் திரும்பவில்லை. கப்பல்கள் இறக்க வேண்டியதை இறக்கிவிட்டன. சிங்கப்பூரைக் காக்கக் கட்டிய திடலிலிருந்தே சிங்கப்பூர்மேல் குண்டு விழுந்தது. பிப்ரவரி 14ஆம் தேதி, சுமத்ராவின் பலெம்பாங்கில் குதித்த ஜப்பானியப் பாராசூட் வீரர்களும் இந்தக் குளுவாங், காஹாங் பக்கமிருந்துதான் ஏறிப் போனார்கள். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

 

இப்போது செனாய். 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது; அங்குள்ள விமான நிலையம் ஜொகூர்க்காரர்களுக்கு வெளிநாட்டு நிலையமானது. 1972இல் இரு நாட்டுக்கும் பொதுவாக இருந்த விமான நிறுவனமும் இரண்டாகப் பிரிந்தது, மலேசியாவின் மாஸ் பிறந்தது. 1974இல் செனாய் திறக்கப்பட்டது. ஜொகூர் பாரு நிற்பது கடலோரத்தில். அதன் விமான நிலையமோ உள்ளே தள்ளி, செம்பனைகளுக்கு நடுவே. கடலோர நகரத்துக்கு அது தூரமாகப் பட்டாலும், ரெங்கம், லாயாங்-லாயாங், சிம்பாங் ரெங்கம் மக்களுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. நெடுஞ்சாலையில் ஏறினால், ஜொகூர் பாரு நெரிசலில் மாட்டாமல் போய்ச் சேரலாம்.

"பக்கத்தில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் இருக்க இது எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2019இல் சாங்கி வழியாக 6 கோடியே 80 லட்சம் பேர் போய்வந்தார்கள். செனாயில் 40 லட்சத்துச் சொச்சம். ஆலமரத்தடியில் முளைத்த கன்று என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அந்த ஒப்பீட்டிலேயே உடன்பாடில்லை. செனாயில் வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். ஊருக்குப் போகும் சபா, சரவாக் தொழிலாளர்கள், மாணவர்கள், பினாங்கு கல்யாணத்துக்குக் கிளம்பிய குடும்பங்கள். பினாங்குக்கோ லங்காவிக்கோ போக அடையாள அட்டை போதும். சாங்கிக்கு இரண்டு குடிநுழைவுச் சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும், கட்டணமும் சிங்கப்பூர் வெள்ளியில். கைக்குழந்தையோடும் பெட்டிகளோடும் ஜொகூர்-சிங்கப்பூர் பாலத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

செனாயின் ஓடுபாதை 3,800 மீட்டர். பெரிய விமானங்களும் இறங்க அது தாராளம். ஆக, குறை தரையில் இல்லை. ஆள் சேர்ந்தால்தான் புதிய தடத்தில் விமானம் விடுவார்கள். நாம் எல்லாரும் சாங்கிக்கே ஓடினால் ஆள் எப்படிச் சேரும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் பார்க்கும்போது, செனாயில் ஏறிக் கோலாலம்பூரில் மாறினால் என்ன விலை ஆகிறது என்றும் பாருங்கள். பாலத்தைத் தாண்டும் வண்டிச் செலவையும் நேரத்தையும் சாங்கிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தால், இடையில் பல மணி நேரம் விடுங்கள்; பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டி வரும். செனாய் விமானம் சுபாங்கில் இறங்குகிறதா, கே.எல்.ஐ.ஏ.வில் இறங்குகிறதா என்பதையும் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். இரண்டும் வேறு வேறு இடங்கள்.