சும்மா இருக்கேன்னு சொல்லாதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தென்காசி மாவட்ட ஊராட்சி ஒன்றின் குழு ஊக்குநர் ஆற்றிய உரை. பேசியபடியே சிறு திருத்தங்களுடன் தரப்படுகிறது.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் கிடையாது. குழுக் கூட்டத்துல தீர்மானம் வாசிக்கிறதோட சரி. தலைவி அக்காதான், "நீ பாக்கிற வேலையைப் பத்திப் பேசு, போதும்"னு சொன்னாவ. அது சுலபம்னு நெனச்சு ஒத்துக்கிட்டேன். எழுத உக்காந்தப்பதான் தெரிஞ்சுது, நாம பாக்கிற வேலையை நாமளே வாய்விட்டுச் சொன்னதே கிடையாதுன்னு.

நான் எங்க குழுவுக்கு ஊக்குநர். வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் எழுதுறது என் பொறுப்பு. பேர், வயசு, ஆதார் நம்பர் எல்லாம் படபடன்னு சொல்லிருவாங்க. "தொழில்"னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அங்க வந்து நிக்கும். "என்னக்கா போட?"ன்னு கேட்டா, "என்னத்தப் போட, சும்மாதான இருக்கேன், வீடுன்னு போடு" என்பாங்க. சொல்லுறவங்க மடியில பீடித் தட்டு இருக்கும். கை நிக்காம சுத்திக்கிட்டே இருக்கும். வாய் மட்டும் சும்மா இருக்கேன்னு சொல்லும்.

நான் அவங்களைக் குறை சொல்லலை. அதே வார்த்தையை நான் பல வருஷம் சொன்னவ. அந்த வார்த்தையால எனக்கு என்ன போச்சுன்னு மட்டும் சொல்லிருதேன்.

பீடி சுத்த எனக்கு எங்கம்மா ஒன்பது வயசுல கத்துக்கொடுத்தா. "பீடி சுத்தத் தெரியாத பொண்ணை யாரு கட்டுவா"ன்னு எங்க ஊர்ல அப்ப பேச்சு. ராத்திரி இலையை நனச்சு வைக்கணும். காலையில தகடு வச்சு அளவுக்கு வெட்டணும். தூளை வச்சுச் சுத்தி, நூல் கட்டி, தலையை மடக்கணும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தா ஆயிரம். கடையில கொண்டு போட்டா, கணக்குப்பிள்ளை எடுத்துப் பாத்து, "இது சரியில்லை, அது சரியில்லை"ன்னு கழிச்சுப் போடுவார். அவங்க தர்ற இலை ஆயிரத்துக்குக் காணாது. குறையுற இலையை நம்ம காசுல வாங்கித்தான் ஆயிரத்தை நிரப்பணும். இங்க இருக்கிற பாதிப் பேருக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

1998-ல எனக்குக் கல்யாணம். அத்தை வீட்டுலயும் பீடிதான். அத்தை பேர்ல அட்டை இருந்துச்சு. நான் சுத்துறதும் அத்தை அட்டையில ஏறும். ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை போதும்னு கடையில சொன்னாங்க, நாங்களும் சரின்னுட்டோம். அத்தை அடுப்பைப் பாக்க, நான் ஒரு நாளைக்கு எழுநூறு எண்ணூறு சுத்துவேன். பிள்ளை பெத்த முப்பதாம் நாள்ல இருந்து மறுபடியும் தட்டைத் தூக்குனேன்.

2010-ல அத்தைக்கு 58 வயசு முடிஞ்சுது. பி.எஃப். பணமும் பென்சனும் வாங்கணும்னு அலுவலகத்துக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பாரம் நிரப்பத் தெரியாது. நான் நிரப்பிக் கொடுத்தேன். அங்க இருந்த ஒரு சார் பாத்துட்டு, "நல்லா எழுதுறியேம்மா, நீ என்ன வேலை பாக்கிற?"ன்னு கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "சும்மாதான் சார் இருக்கேன்"னேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பாத்தாவ. ஒண்ணும் சொல்லலை. பஸ்ல வரும்போது ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே வந்தாவ. இறங்குற நேரத்துல, "ஏட்டி, அந்தப் புஸ்தகத்துல பாதி உன் கை சுத்துனதுல்லா. அதைச் சொல்லியிருக்கலாம்லா"ன்னாவ. அவ்வளவுதான்.

சொல்லியிருந்தாலும் அன்னைக்கு ஒண்ணும் நடந்திருக்காது. ஏன்னா எந்த ஏட்டுலயும் என் பேர் கிடையாது. பன்னிரண்டு வருஷம் சுத்துன பீடிக்கு நான் தொழிலாளின்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அத்தை அட்டை முடிஞ்ச பிறகு, என் பேர்ல அட்டை கேட்டுக் கடைக்குப் போனேன். "புது அட்டை கிடையாது, பக்கத்து வீட்டு அட்டையில சேத்துப் போடு"ன்னாங்க. இன்னும் ரெண்டு வருஷம் அப்படியே போச்சு. அப்ப நான் குழுவுல சேந்து மூணு வருஷம் ஆகியிருந்துச்சு. ஒரு கூட்டத்துல இதைச் சொல்லி அழுதுட்டேன். அப்ப எங்க குழுவுல இருந்த ஒரு பெரியம்மா சொன்னாவ: "அழுதா அட்டை வராது. வாங்கட்டி, எல்லாரும் போவோம்." பன்னிரண்டு பேரும் போனோம். எங்க கூட அத்தையும் வந்தாவ. அன்னைக்குத் தரலை. அடுத்த வாரமும் போனோம். தொழிலாளர் துறைக்கு மனுக் கொடுத்தோம். 2012-ல என் பேர்ல அட்டை வந்துச்சு.

அந்த அலைச்சல்லதான் எனக்குச் சில விஷயம் தெரிஞ்சுது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-லயே வந்தாச்சு. வீட்டுல இருந்து சுத்துறவங்களும் தொழிலாளிதான்னு அதுலயே இருந்துச்சு. வீட்டுல சுத்துறவங்களுக்கும் பி.எஃப். உண்டுன்னு 1985-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதாவது நான் பொறக்கிறதுக்கு முந்தியே சட்டம் என்னைத் தொழிலாளின்னு சொல்லியிருக்கு. நான்தான் சும்மா இருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

அட்டை வந்த பிறகு பீடித் தொழிலாளர் அடையாள அட்டை எடுத்தேன். அதை வச்சு என் மகளுக்குப் படிப்பு உதவித்தொகை வந்துச்சு. பென்சனுக்குப் பத்து வருஷச் சேவை வேணும். எனக்கு 2022-ல பத்து வருஷம் முடிஞ்சுது. ஆனா அதுக்கு முந்தின 14 வருஷம் போனது போனதுதான். அதை யாராலயும் திருப்பித் தர முடியாது. அத்தை மட்டும், மாசம் ஆயிரம் ரூபாய் பென்சன் வந்ததும், எடுத்துட்டு வந்து முந்நூறு ரூபாயை என் கையில வைப்பாவ. வேண்டாம்னாலும் கேக்க மாட்டாவ. அதை நான் குழுச் சேமிப்புல போட்டுட்டு வாரேன்.

சரி, இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கா? இதை என்கிட்ட யாரும் கேட்டதில்லை. இன்னைக்குச் சொல்லுதேன். வீட்டை விட்டுப் போகாம, பிள்ளையை மடியில போட்டுக்கிட்டே நாலு காசு பாத்தேன். வீட்டு வாசல்ல நாலு பேர் உக்காந்து கதை பேசிக்கிட்டே சுத்துன சாயங்காலம் எல்லாம் சந்தோஷமானதுதான். ஆனா கழுத்து வலியும் இடுப்பு வலியும் தூள் நெடியில வர்ற இருமலும் இந்த வேலை தந்ததுதான். இன்னொண்ணும் இருக்கு. எங்கப்பா பீடி குடிச்சே நெஞ்சு கெட்டுப் போனவர். அவர் உள்ள இருமிக்கிட்டுக் கிடக்கார், நான் திண்ணையில சுத்திக்கிட்டு இருக்கேன். அந்தக் காட்சி என் மனசை விட்டுப் போகலை. என் மகளுக்கு நான் பீடி சுத்தக் கத்துக்கொடுக்கலை. இந்த வேலையால அவளைப் படிக்க வச்சேன், இந்த வேலை அவளுக்கு வேண்டாம்னும் நெனச்சேன். ரெண்டும் உண்மைதான்.

போன மாசம் எங்க குழுவுல ஒரு காரியம் செஞ்சோம். சேமிப்பு வாங்கி முடிச்ச பிறகு, ஒவ்வொருத்தியும் தன் வேலையைச் சொல்லணும். அதுல எது பிடிக்குது, எது பிடிக்கலைன்னும் சொல்லணும். முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ராத்திரி எட்டு மணி வரைக்கும் யாரும் எழுந்திரிக்கலை.

பள்ளிக்கூடத்துல காலை உணவு சமைக்கிற தங்கச்சி சொன்னா: "விடியுமுன்ன எந்திரிச்சுப் போயி பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் செய்யேன். எல்லாப் பிள்ளையும் என்னைச் சமையலம்மான்னு கூப்பிடும். என் மவளும் வரிசையில தட்டோட நின்னு சமையலம்மான்னு கூப்பிட்டுச் சிரிக்கா. அதைக் கேக்கையில அவ்வளவு சந்தோஷமா இருக்கு. ஆனா என் பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறதாலதான் எனக்கு இந்த வேலை. அவ அஞ்சாவது முடிச்சா எனக்கும் முடியுமேன்னு இப்பவே பயமா இருக்கு." நம்ம குழுப் பெண்கள் சமைக்கிற திட்டம்னு பெருமையாச் சொல்லுதோம். சமைக்கிறவளோட பயம் அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

பக்கத்து டவுன்ல ஜவுளிக்கடைக்குப் போற பிள்ளை ஒருத்தி. நாள் பூரா நின்னே சேலை எடுத்துப் போடுறவ. கடையில வேலை பாக்கிறவங்களுக்கு உக்கார இருக்கை கொடுக்கணும்னு 2021-ல நம்ம மாநிலத்துல சட்டம் திருத்தினாங்க. "உங்க கடையில ஸ்டூல் போட்டாச்சா?"ன்னு கேட்டோம். "போட்டுட்டாவ சித்தி. உக்காரத்தான் பயமா இருக்கு"ன்னா. எல்லாரும் சிரிச்சோம். அவ சிரிக்கலை. நாங்களும் நிறுத்திட்டோம்.

நூறு நாள் வேலைக்குப் போற பெரியம்மா, "வெயில்தான் கஷ்டம், மத்தபடி எனக்கு அந்த வேலை பிடிக்கும்"னாவ. ஏன்னு கேட்டோம். "ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலின்னு என் ஆயுசுல நான் பாத்தது அங்கதான். காசும் என் பேர்ல பேங்குக்கு வருது"ன்னாவ.

கடைசியாப் பேசினது தூய்மைக் காவலரா இருக்கிற அக்கா. அவங்க சொன்னதை இங்க சொல்லச் சொல்லி அனுமதி வாங்கிட்டுத்தான் வந்தேன். "குப்பை அள்ளுறது எனக்குக் கேவலமாத் தெரியலை. நான் ஒரு வாரம் வரலைன்னா தெரு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஆனா வாசல்ல வண்டி வந்ததும் 'குப்பைக்காரி வந்துட்டா'ன்னு சத்தம் வரும். உடைஞ்ச கண்ணாடியையும் நாப்கினையும் பேப்பர்ல கூட சுத்தாம அப்படியே போடுதாங்க. கையில குத்தி ரத்தம் வந்திருக்கு. போட்டது யாரோ இல்ல, இந்த வட்டத்துல உக்காந்திருக்கிற வீடுகதான்"னாவ.

யாருக்கும் பேச்சு வரலை. ஒரே குழுவுல பல வருஷமா பக்கத்துல பக்கத்துல உக்காந்து சேமிப்புக் கட்டுதோம். அவங்க கையில குத்துனது நம்ம வீட்டுக் கண்ணாடின்னு நமக்குத் தெரியலை. அன்னைக்கே தீர்மானம் எழுதினோம்: உறுப்பினர் வீடு எல்லாம் குப்பையைப் பிரிச்சுத்தான் கொடுக்கணும். அந்த அக்காவைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோதான் கூப்பிடணும்.

"நான் எந்த வேலைக்கும் போகலையே"ன்னு சொன்ன ரெண்டு பேரும் இருந்தாங்க. அவங்களுக்காக ஒரு கணக்கு. 2019-ல மத்திய அரசு, யார் யார் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறாங்கன்னு நாடு பூரா ஒரு ஆய்வு எடுத்துச்சு. சம்பளமில்லாத வீட்டு வேலையில ஈடுபடுற பெண் அதுக்கு ஒரு நாளைக்குச் செலவழிக்கிற நேரம் சராசரியா 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். 299 நிமிடம்னா கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். அஞ்சு மணி நேரம் உழைக்கிறவளுக்குச் சும்மா இருக்கான்னு பேர் வைக்கலாமா?

அக்கா தங்கச்சிமாரே, வேலையைப் பெருமையாத்தான் சொல்லணும்னு நான் சொல்லலை. பிடிக்காத வேலையைப் பிடிக்கலைன்னே சொல்லுங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. ஆனா பேரைச் சொல்லிச் சொல்லுங்க. பேர் இல்லாத வேலைக்குக் கூலி கேக்க முடியாது, அட்டை கேக்க முடியாது, வயசான காலத்துல பென்சனும் கேக்க முடியாது. அதை 14 வருஷம் தொலைச்சவ சொல்லுதேன்.

மூணே மூணு காரியம் கேக்கேன்.

ஒண்ணு: அடுத்த குழுக் கூட்டத்துல ஒவ்வொரு உறுப்பினரும் தன் வேலையைச் சொல்லட்டும். பிடிச்சது, பிடிக்காதது ரெண்டையும் சொல்லட்டும். அதைத் தீர்மான நோட்டுல எழுதி வைங்க.

ரெண்டு: அட்டை, பாஸ் புத்தகம், நலவாரியப் பதிவு எல்லாம் யார் பேர்ல இருக்குன்னு எடுத்துப் பாருங்க. மாமியார் பேர்லயோ, பக்கத்து வீட்டுப் பேர்லயோ இன்னும் யாராவது சுத்திக்கிட்டு இருந்தா, ஊக்குநர்கிட்ட சொல்லுங்க. தனியாப் போகாதீங்க. குழுவாப் போங்க.

மூணு: விண்ணப்பத்துல தொழில்னு ஒரு கட்டம் வந்தா, காலியா விடாதீங்க.

போன வாரம் என் மகள் வேலைக்கு விண்ணப்பம் போட்டா. அதுல தாயார் தொழில்னு ஒரு இடம். "என்னம்மா போட?"ன்னு கேட்டா. அத்தை கட்டில்ல படுத்திருந்தாவ. நான் வாய் திறக்கும் முந்தி அங்க இருந்தே சத்தம் வந்துச்சு: "பீடித் தொழிலாளின்னு போடுட்டி."

போட்டாச்சு.