“ஆய்வில் நிரூபிச்சிருக்காங்களாம்” – சூலக நீர்க்கட்டிச் சிகிச்சைகளும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், தாதியர் சேவையிலுள்ள பழைய மாணவிகள் சார்பாக ஆற்றப்பட்ட உரை)

  

இந்தப் பாடசாலையில் படித்துத் தாதியரானவர்களின் சார்பில் பேச வந்திருக்கிறோம். எங்களில் சிலர் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் வார்ட்டில் நிற்கிறோம். சிலர் மட்டக்களப்பில் தாதிய மாணவிகளுக்குக் கற்பிக்கிறோம். சிலர் வெளிநாட்டு வைத்தியசாலைகளில் வேலை செய்கிறோம். எங்கே இருந்தாலும் ஆலையடிவேம்பிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் எங்களுக்கு அடிக்கடி வரும் தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. “பிள்ளைக்குச் சூலகத்தில நீர்க்கட்டியாம். இந்தத் தூளைக் குடிச்சா மூணு மாசத்தில சுகமாகுமாம். ஆய்வில நிரூபிச்சிருக்காங்களாம். குடுக்கலாமா?”

இது சின்னக் கேள்வி அல்ல. அதற்குப் பின்னால் ஒரு தாயின் நித்திரை இல்லாத இரவுகள் இருக்கின்றன. பிள்ளையின் கலியாணப் பேச்சு இருக்கிறது. வைத்தியர் தந்த குளிசையை நிறுத்திவிட்டு, வட்ஸ்அப்பில் வந்த தூளுக்குக் காசு கட்டும் வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். “இனிப் பிள்ளை கிடைக்காது” என்று தானே முடிவு கட்டிக்கொண்டு அழும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம். ஆகவே ஆய்வு என்று ஒன்று எங்கள் கைக்கு வரும்போது அதை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதையே இன்று உங்களோடு பகிர விரும்புகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்நிலையை 1935 இல் சிக்காகோவைச் சேர்ந்த ஸ்ரைன், லெவெந்தால் என்ற இரு வைத்தியர்கள் ஏழு பெண்களை வைத்து விவரித்தார்கள். நீர்க்கட்டி என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. ஸ்கானில் தெரிபவை முழுதாக வளராமல் நின்றுவிட்ட சிறிய முட்டைப்பைகள்; வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. மாதவிடாய் ஒழுங்கீனம், ஆண் ஹோர்மோன் கூடியதற்கான அடையாளங்கள், ஸ்கானில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், வேறு காரணங்களும் விலக்கப்பட வேண்டும் என்று 2003 இல் ரொட்டர்டாமில் வகுத்தார்கள்.

எங்கள் நாட்டிலும் நல்லதோர் ஆய்வு நடந்திருக்கிறது. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான 3,030 பெண்களை எழுமாறாகத் தெரிவுசெய்து ஆராய்ந்தார்கள். 2008 இல் வெளிவந்த முடிவின்படி 6.3 சதவீதமானோருக்கு இந்நிலை இருந்தது. இந்த மண்டபத்தில் நூறு பேர் இருந்தால் ஆறு பேர். அந்த ஆய்வின் பலம், கிளினிக்கிற்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல் ஊரில் உள்ளவர்களை எண்ணியது. கிளினிக் வரிசையில் நின்று எண்ணினால் எந்த நோயும் ஊரெல்லாம் பரவியது போலத்தான் தெரியும்.

இனிக் கேள்விகளுக்கு வருவோம்.

முதலாவது: யாரோடு ஒப்பிட்டார்கள்? பெரியபிள்ளையாகிய முதல் ஓரிரு வருடங்களில் மாதவிடாய் முன்பின்னாக வருவது பலருக்கு இயல்பு. அது தானாகவே ஒழுங்காகிவிடும். முப்பது மாணவிகளுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்து, முன்னும் பின்னும் அளந்து, “சுகமாகிவிட்டது” என்று எழுதினால், சுகமாக்கியது மருந்தா காலமா என்று எப்படிச் சொல்வது? ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு விடுதிக் கல்லூரியில் 15 முதல் 18 வயதான 90 மாணவிகளை எழுமாறாக இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு யோகாவும் மற்றக் குழுவுக்குச் சாதாரண உடற்பயிற்சியும் 12 வாரங்கள் கொடுத்தார்கள். சும்மா இருந்தவர்களோடு ஒப்பிடாமல், அதே நேரம் வேறு பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டது நேர்மையான முறை. யோகா குழுவில் ஹோர்மோன் அளவுகள் கூடுதலாகச் சீரடைந்தன. உடல் நிறையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அது மணி அடித்தால் எழும்பும் விடுதி. வீட்டில், ரியூஷனுக்கும் சமையலுக்கும் நடுவில், ஒரு பிள்ளை அதே பயிற்சியைத் தொடர்வாளா என்பது அடுத்த கேள்வி.

இரண்டாவது: எதை அளந்தார்கள்? புதினா இனத்தைச் சேர்ந்த ஸ்பியர்மின்ட் தேநீரை இங்கிலாந்தில் 42 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். முப்பது நாளில் ஆண் ஹோர்மோன் குறைந்தது. முகத்து முடி பற்றிய மனக்குறை குறைந்ததாகப் பெண்களும் சொன்னார்கள். ஆனால் முடியை முறைப்படி புள்ளியிட்டுப் பார்த்தபோது மாற்றம் இல்லை. முடி வளரும் வேகத்துக்கு முப்பது நாள் போதாது. இதை “முடியைப் போக்கும் தேநீர்” என்று விற்பது ஆய்வு சொல்லாததைச் சொல்வது. இதே பாடத்தைப் பெரிய ஆய்வொன்றும் தருகிறது. 2007 இல் அமெரிக்காவில் 626 பெண்களில் குளோமிபீன், மெட்போர்மின், இரண்டும் சேர்ந்தது என மூன்றையும் ஒப்பிட்டார்கள். சேர்த்துக் கொடுத்தபோது முட்டை வெளிவருவது கூடியது. ஆனால் உயிரோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்தால் குளோமிபீன் 22.5 சதவீதம், சேர்ந்தது 26.8 சதவீதம், இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். மெட்போர்மின் தனியே 7.2 சதவீதம். தாய்க்கு வேண்டியது இரத்த அறிக்கையா, குழந்தையா?

மூன்றாவது: பலன் எவ்வளவு? 2014 இல் 750 பெண்களில் லெட்ரோசோலையும் குளோமிபீனையும் ஒப்பிட்டார்கள். குழந்தை பெற்றவர்கள் முறையே 27.5, 19.1 சதவீதம். இதை “44 சதவீதம் கூடிய பலன்” என்றும் சொல்லலாம், “நூறு பேரில் மேலதிகமாக எட்டுப் பேர்” என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. விளம்பரம் முதலாவதைச் சொல்லும்; தாதி இரண்டாவதைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ பன்னிரண்டு பேருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தால் ஒரு வீட்டில் கூடுதலாகத் தொட்டில் ஆடும். அது பெரிய விடயம்தான். மற்றவர்களுக்கும் நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நான்காவது: நம்பிக்கையின் பலனைப் பிரித்தெடுத்தார்களா? சீனாவில் 1,000 பெண்களில் ஊசிக்குத்து வைத்தியத்தைச் சோதித்து 2017 இல் வெளியிட்டார்கள். சிலருக்கு உண்மையான முறையிலும் சிலருக்குப் பெயரளவிலும் ஊசி குத்தினார்கள். குளோமிபீன் எடுத்தவர்களில் 29.4, 28.0 சதவீதம், எடுக்காதவர்களில் 13.9, 16.8 சதவீதம். குளிசைதான் வேலை செய்தது. ஊசி கூடுதலாக எதுவும் செய்யவில்லை. பெயரளவு ஊசிக் குழு இல்லாதிருந்தால் அது தெரிந்தே இருக்காது.

இதே அளவுகோலை எங்கள் தாதியத் துறைக்கும் வைக்க வேண்டும். தாதிய மாணவிகள் செய்யும் ஆய்வுகள் பல, கைக்கெட்டிய முப்பது நாற்பது பேரை வைத்து, ஒரு வகுப்பு நடத்தி, அறிவுப் புள்ளி கூடியதை அளப்பதோடு முடிகின்றன. அறிவு கூடியது நல்லது. அதனால் மாதவிடாய் ஒழுங்கானதா, மனச்சோர்வு குறைந்ததா, ஆறு மாதத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் நின்றதா என்பதையும் கேட்க வேண்டும். இடையில் விலகியவர்கள் எத்தனை பேர் என்று எழுதாத ஆய்வை இரண்டாம் முறை வாசியுங்கள். விலகியவர்களில்தான் பலன் கிடைக்காதவர்கள் ஒளிந்திருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சில விடயங்கள். ஒவ்வோர் ஆய்வாகப் பார்க்காமல் பலவற்றையும் சேர்த்து நிறுத்து எழுதிய சர்வதேச வழிகாட்டி 2023 இல் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி பூப்படைந்து எட்டு வருடம் ஆகாத பிள்ளைக்கு இந்நோயைக் கண்டறிய ஸ்கான் எடுக்கத் தேவையில்லை. அந்த வயதில் நல்ல சூலகமும் அப்படித் தெரியலாம். பூப்படைந்து ஒரு வருடத்துக்குப் பின் 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரோக்கியமான உணவும் உடற்பயிற்சியும் நிறை குறையாவிட்டாலும் நன்மை தரும். மெலிந்த பிள்ளைக்கும் இந்நிலை வரலாம். நீரிழிவு வரும் சாத்தியம் கூட என்பதால் சீனிப் பரிசோதனை முக்கியம். குழந்தை கிடைக்காது என்பது உண்மையல்ல, பலருக்குக் கிடைக்கிறது. உளுந்துக்களியும் நல்லெண்ணெயும் கருஞ்சீரகமும் எங்கள் வீட்டுச் சாப்பாடு, பிள்ளைகள் சாப்பிடட்டும். அவற்றை நம்பிக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். கம்பஹாவின் இலக்கத்தை அப்படியே எங்கள் கரையோரத்தில் தொங்கவிட முடியாது. இங்குள்ள பிள்ளைகளை, தமிழ், முஸ்லிம் என்ற பேதமின்றி, எழுமாறாகத் தெரிந்து, ஒப்பீட்டுக் குழுவோடு, ஒரு வருடமாவது தொடர்ந்து பார்க்கும் ஆய்வு ஒன்றைத் தாதியராகிய நாங்கள் செய்ய விரும்புகிறோம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஆசிரியைகளாக இருப்பவர்கள் பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெற்றவர்கள். எங்களோடு சேருங்கள். அதுவரை “ஆய்வில் நிரூபிச்சிருக்காங்களாம்” என்று யாராவது சொன்னால், யாரோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள், எவ்வளவு பலன், வெறும் நம்பிக்கையின் பலனா என்று கேளுங்கள். கணக்குப் பாடத்துக்கு இந்தப் பாடசாலையில் வாங்கிய குட்டு வீண்போகக் கூடாது.