செய்து பார்த்தே நம்ப வேண்டும்



ஒரு யோசனை மனதில் தோன்றிவிட்டதாலேயே அது மெய்யாகிவிடாது என்பதைத்தான் நாம் இன்று சொல்ல வந்தோம். ஜெர்மனியில் லிலியந்தால் என்னும் அறிஞர் சிறகு கட்டிப் பறந்து, 1896-ல் விழுந்து மாண்டார். அவர் எழுதிவைத்த கணக்கைக் கொண்டு, அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் செய்த என்ஜினில்லாத விமானம் 1901-ல் எதிர்பார்த்தபடி மேலெழும்பவில்லை. பெரியவர் எழுதியது பொய்யாகுமா என்று வாளாவிருந்தார்களா? விதியை நொந்தார்களா? இல்லை. 6 அடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்தார்கள். அதற்குள் விசிறியால் காற்றை ஓடவிட்டு, கைக்கடங்கிய சிறு சிறகு மாதிரிகள் ஏறக்குறைய 200 செய்து வைத்துச் சோதித்தார்கள். எந்த வளைவு அதிகம் தூக்கும் என்பதை அளந்தே கண்டார்கள். அதன்படி சிறகமைத்து, என்ஜினும் பூட்டி, 1903 டிசம்பர் 17-ந் தேதி 12 வினாடி பறந்தார்கள்.

தோழர்களே! பெட்டிக்குள் தவறினால் போவது ஒரு தகட்டுத் துண்டு. ஆகாயத்தில் தவறினால் போவது உயிர். ஆகவே தச்சரோ, கொல்லரோ, விவசாயியோ, யாராயினும் புதிதாக ஒன்று தோன்றினால் முதலில் சிறிதாகச் செய்து பாருங்கள். யார் சொன்னாலும், ஏன், நாமே சொன்னாலும், சோதித்துப் பாராமல் நம்பாதீர்கள்.