வரிசை எங்கே ஒளிந்திருக்கிறது? தைவான் கட்டிய ஹெல்த் சிஸ்டம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடில் லேஆஃப் பற்றிப் பேசினோம் இல்லையா? அதற்கு வந்த மெசேஜ்களில் அடிக்கடி கண்ணில் பட்ட கேள்வி இதுதான்: "வேலை போனால் கம்பெனி இன்சூரன்ஸும் போயிடுமா?" ஆமாம், பெரும்பாலும் போயிடும். அம்மா அப்பாவை அதே பாலிசியில் சேர்த்திருந்தால் அவர்களுக்கான கவரும் அதோடு முடிந்துவிடும்.

எனக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கும் நான் எந்தக் கம்பெனியில் கோட் எழுதுகிறேன் என்பதற்கும் என்ன சம்பந்தம்? இந்த முடிச்சை யார் போட்டது? மற்ற நாடுகள் என்ன செய்தன? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறோம். மூன்று நாடுகளை வேகமாகப் பார்த்துவிட்டு, தைவானில் கொஞ்ச நேரம் தங்குவோம். ஏன் தைவான்? மற்ற நாடுகளின் சிஸ்டங்களை எடுத்து வைத்துப் பார்த்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுத்துக் கட்டிய நாடு அது.

முதலில் மூன்று மாடல்கள்

முதலில் ஜெர்மனி. 1883இல் பிஸ்மார்க் காலத்தில் தொழிலாளர்களுக்கான கட்டாய நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அடிப்படை ஐடியா இன்றும் அதேதான். சம்பளத்தில் ஒரு பங்கைத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டுகிறார்கள். இப்போது அடிப்படை விகிதம் 14.6 சதவீதம், ஆளுக்குப் பாதி. அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல் கட்டணமும் உண்டு. பணத்தை வாங்கி நிர்வகிப்பது லாப நோக்கில்லாத காப்பீட்டு நிதியங்கள். வேலை போய், வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்கும்போது, அந்தப் பணத்தை அரசின் வேலைவாய்ப்பு அமைப்பே கட்டிவிடும். பிரீமியம் சம்பளத்திலிருந்து போகிறது, ஆனால் சம்பளம் நின்றாலும் கவர் நிற்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரிட்டன். 1948 ஜூலை 5, என்ஹெச்எஸ் தொடங்கிய நாள். அப்போது சுகாதார அமைச்சர் அனூரின் பெவன். இங்கே தனியாக பிரீமியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. முக்கியமாக வரிப்பணத்தில் ஓடுகிறது. டாக்டரைப் பார்க்கவோ ஆபரேஷனுக்கோ பில் வராது.

மூன்றாவது அமெரிக்கா. நம்ம முடிச்சு இங்கேதான் இருக்கு. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1942இல், அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. கம்பெனிகளுக்கோ ஆள் பற்றாக்குறை. சம்பளத்தைக் கூட்ட முடியாது, ஆனால் இன்சூரன்ஸ் கொடுக்கலாம். அப்படி ஆட்களை இழுக்க ஆரம்பித்தார்கள். 1954இல் அதற்கான வரிச்சலுகையும் சட்டத்தில் உறுதியானது. போர்க்காலத்து ஒர்க்அரவுண்ட் ஒன்று, பெர்மனென்ட் ஆர்க்கிடெக்சர் ஆகிவிட்டது! சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை.

வேலை போனவர்கள் பழைய கம்பெனி பாலிசியைக் கொஞ்ச காலம் தொடர அங்கே 'கோப்ரா' என்று ஒரு சட்டம் இருக்கு. ஆனால் முதலாளியின் பங்கையும் சேர்த்து, நிர்வாகச் செலவோடு 102 சதவீதம் வரை நீங்களே கட்ட வேண்டி வரும். சம்பளம் நின்ற மாதத்தில் பிரீமியம் பல மடங்காகும். இன்றும் அங்கே 2 கோடிக்கும் அதிகமானவர்கள் எந்த இன்சூரன்ஸும் இல்லாமல் இருக்கிறார்கள்.

தைவான் என்ன செய்தது?

1990களின் தொடக்கத்தில் தைவானில் தொழிலாளர்களுக்கு ஒரு காப்பீடு, அரசு ஊழியர்களுக்கு ஒன்று, விவசாயிகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தது. மக்களில் சுமார் 40 சதவீதம் பேர் இவற்றில் எதிலும் இல்லை. அவர்களில் அதிகம் யார் தெரியுமா? குழந்தைகளும் வயதானவர்களும். அதாவது, சம்பளம் வாங்காதவர்கள். டாக்டர் அதிகம் தேவைப்படுவது யாருக்கோ அவர்களைத்தான் சிஸ்டம் வெளியே நிறுத்தியிருந்தது.

ராணுவச் சட்டம் 1987இல் விலக்கப்பட்டு, ஜனநாயகம் மெல்ல வேர் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கேள்வி கேட்க மக்கள் இருந்தார்கள், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஆட்சியில் இருந்தவர்களுக்கும் வந்தது. ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஷியாவோவை ஆலோசகராக அழைத்தார்கள். பல நாடுகளின் அனுபவத்தை அலசினார்கள். 1994இல் சட்டம், 1995 மார்ச் 1இல் லாஞ்ச். ஒரு வருடத்துக்குள் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். இன்றைக்கு ஏறக்குறைய எல்லோரும்.

டிசைன் எப்படி? கனடா மாதிரி பணம் கொடுக்க ஒரே ஓர் அமைப்பு. ஜெர்மனி மாதிரி சம்பளத்திலிருந்து பிரீமியம். ஆனால் பிரிட்டன் மாதிரி ஹாஸ்பிடல்களை அரசே வைத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலான ஹாஸ்பிடல்களும் கிளினிக்குகளும் தனியார்தான், பில் மட்டும் ஒரே இடத்துக்குப் போகும்.

பிரீமியம் விகிதம் 2021 முதல் 5.17 சதவீதம். சாதாரண கம்பெனி ஊழியர் என்றால் அதில் 30 சதவீதத்தை அவர் கட்டுவார், 60 சதவீதத்தை முதலாளி, மீதி 10 சதவீதத்தை அரசு. விவசாயி என்றால் அரசின் பங்கு 70 சதவீதம். அரசு பட்டியலில் உள்ள ஏழைக் குடும்பம் என்றால் முழுவதும் அரசுதான். வேலை மாறினால், வேலை போனால், யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பது மாறும். கவர் அப்படியே இருக்கும்.

ஒரு இன்ஜினியராக எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் பெரும்பாலும் வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தைவானில் அது ஆளோடு ஒட்டியிருக்கிறது. வேலை என்பது யூசரின் ஒரு ஃபீல்டு மட்டும்தான், பிரைமரி கீ இல்லை.

2004 முதல் எல்லோர் கையிலும் ஒரு ஸ்மார்ட் கார்டு. எந்த கிளினிக்குக்கும் நேராகப் போகலாம். சின்ன கிளினிக் என்றால் சிகிச்சைக்கு நாம் தரும் பங்கு 50 தைவான் டாலர், நம்ம பணத்தில் சுமார் 150 ரூபாய். பதிவுக் கட்டணம் கொஞ்சம் தனி. ஒரே கார்டு, ஒரே பில்லிங் என்பதால் நிர்வாகச் செலவு 2 சதவீதத்துக்கும் குறைவு. 2020 பிப்ரவரியில் மாஸ்க்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தக் கார்டை வைத்துத்தான் எல்லோருக்கும் அளவாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எந்த மருந்தகத்தில் எத்தனை மாஸ்க் இருக்கு என்ற டேட்டாவை அரசு திறந்துவிட, ஊரில் இருந்த புரோகிராமர்கள் மேப் போட்டுத் தள்ளினார்கள்.

சரி, இதில் கேட்ச் என்ன?

இருக்கு. எல்லா சிஸ்டத்திலும் ஒரு வரிசை இருக்கு. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் வரிசை பணத்தில் இருக்கு. பில்லை நினைத்துப் பயந்து டாக்டரிடம் போகாமல் இருப்பவர் எந்தக் காத்திருப்புப் பட்டியலிலும் வரமாட்டார். ஆனால் அவரும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பிரிட்டனில் வரிசை நாட்களில் இருக்கு. டாக்டர் பரிந்துரைத்த சிகிச்சை 18 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் இலக்கு. 2016க்குப் பிறகு அந்த இலக்கை எட்ட முடியவில்லை. 2023இல் பட்டியலில் காத்திருந்த சிகிச்சைகளின் எண்ணிக்கை 75 லட்சத்தைத் தாண்டியது. பில் வராது என்பது உண்மை. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காக வலியோடு மாதக்கணக்கில் காத்திருப்பதும் உண்மை.

தைவானில்? அன்றைக்கே டாக்டரைப் பார்க்கலாம், பில்லும் சின்னது. அப்போ வரிசை எங்கே? டாக்டரின் நேரத்திலும் நர்ஸின் உடம்பிலும்.

அங்கே மொத்தச் செலவுக்கு முன்கூட்டியே ஓர் உச்சவரம்பு போடுகிறார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இத்தனை பாயிண்ட் என்று கணக்கு. வருடத்தின் மொத்தப் பாயிண்டுகள் பட்ஜெட்டைத் தாண்டினால், ஒரு பாயிண்டின் மதிப்பு ஒரு தைவான் டாலருக்கும் கீழே இறங்கிவிடும். எல்லா டாக்டர்களும் கூடுதலாக வேலை பார்த்தால், ஒவ்வொரு வேலைக்கும் கிடைக்கும் பணம் குறையும். அதை ஈடுகட்ட இன்னும் அதிகம் பேரைப் பார்க்க வேண்டும். மூன்று நிமிஷத்தில் நோயாளியை அனுப்பிவிடுகிறார்கள் என்பது அங்கே பழைய புகார். நர்ஸ்கள் வேலையை விட்டுப் போவதும், பெரிய ஹாஸ்பிடல்களின் எமர்ஜென்சியில் கூட்டம் வழிவதும் தொடர்ந்து செய்தியாகின்றன. பிரீமியத்தைக் கூட்டினால் சரியாகுமே என்று கேட்கலாம். கூட்டுகிறேன் என்று சொல்லித் தேர்தலில் நிற்க யாருக்கும் தைரியம் இல்லை.

டேட்டாவிலும் ஒரு கேட்ச். எல்லோருடைய மருத்துவ ரெக்கார்டும் ஒரே இடத்தில் இருப்பது ஆராய்ச்சிக்குப் பொக்கிஷம். ஆனால் "என் டேட்டாவை இதற்குப் பயன்படுத்தாதே" என்று சொல்லும் வழி குடிமக்களுக்கு இல்லாமல் இருந்தது. வழக்கு போனது. அப்படி விலகிக்கொள்ள வழி இல்லாதது அரசியலமைப்புக்கு முரண் என்று 2022 ஆகஸ்டில் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்ட்ரல் டேட்டாபேஸைப் பார்த்தாலே குஷியாகும் நம்ம ஆட்கள் இதையும் சேர்த்துப் படிக்கணும்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

அதனால்தான் "அரசா, தனியாரா?" என்ற சண்டை எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. தைவானில் ஹாஸ்பிடல் தனியார், காப்பீடு அரசு. அந்தச் சண்டையில் இதை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்? அதற்குப் பதிலாக, எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். கவர் எதோடு ஒட்டியிருக்கிறது, ஆளோடா, வேலையோடா? வரிசை எங்கே, பணத்திலா, நாட்களிலா, டாக்டர் நர்ஸின் நேரத்திலா?

நம்ம ஊரில் இதையெல்லாம் ஒரே தெருவில் பார்க்கலாம். அரசு ஆஸ்பத்திரி பிரிட்டன் சாயல். 1948இல் சட்டமான ஈஎஸ்ஐ ஜெர்மனி சாயல். அதில் பொதுவாக மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத்தான் இடம். நம்ம ஐடி கம்பெனி குரூப் பாலிசி அச்சு அசல் அமெரிக்கா. எதிலும் இல்லாதவர் நகையை அடகு வைக்கிறார். யார் எந்த வரிசையில் நிற்பது என்பதைப் பெரும்பாலும் அவரவர் வேலைதான் முடிவு செய்கிறது.

மெசேஜ் போட்டவர்களுக்கு நேரடியான பதில்: குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விதிகளில் இடம் உண்டு. ஆனால் அவர்கள் உங்கள் உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே ஹெச்ஆரிடம் கேளுங்கள், பேப்பர் போட்ட பிறகு இல்லை. பெற்றோருக்குத் தனிப் பாலிசி எடுக்க முடிந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

இது ஒவ்வொருவரும் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் பேட்ச் தான். டிசைனை மாற்றுவது வேறு வேலை. 40 சதவீதம் பேர் வெளியே நின்ற ஒரு நாடு, சட்டம் போட்ட எட்டாவது மாதத்தில் கவுண்டரைத் திறந்தது. அவர்களும் குறையில்லாத சிஸ்டம் ஒன்றைக் கட்டிவிடவில்லை. வேலை இல்லாத குழந்தையையும் பாட்டியையும் முதலில் உள்ளே கொண்டு வந்தார்கள். மீதிச் சண்டையை உள்ளே வைத்துக்கொண்டே இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள்? எழுதி அனுப்புங்கள், அடுத்த எபிசோடில் பேசுவோம்.