வழி சொல்லுங்க, போதும்!

நடுவர் அவர்களே! பிள்ளைக்கு ஆட்டிசம்னு தெரிஞ்ச வீட்டுக்கு முதல்ல வேண்டியது ஆறுதல்தான் என்று எதிரணியில் அழகாகப் பேசினார்கள். சரி, என்ன ஆறுதல் சொல்றோம்? பாட்டி சொல்வாங்க: “இவன் அப்பனும் அஞ்சு வயசுலதான்டி பேசினான்!” அவர் கல்யாணத்துக்கு அப்புறம் பேச்சை நிறுத்திட்டார், அது வேற கதை! (சிரிப்பு) இந்த ஆறுதல்லயே ரெண்டு வருஷம் ஓடிப்போச்சுய்யா! பேச்சுப் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குறோமோ, அவ்வளவு நல்லது.

வழி தெரிஞ்சவங்க என்ன சொல்வாங்க? “அம்மா, மாவட்டத்துப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கான்னு கேளுங்க. சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்குங்க. தேசிய அறக்கட்டளையோட நிராமயா காப்பீட்டுல சேருங்க. வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் உதவி.” பள்ளிக்கூடத்துல இடமில்லையா? 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புன்னு சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 வயசுல இருந்து 18 வயசு வரை இலவசக் கல்வி உரிமைன்னு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது! (கைதட்டல்)

கண்ணீரைத் துடைக்கிற கை வேணும், மறுக்கல. துடைச்ச கையோட அந்த விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுங்க! அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறென்ன?