தலைப்பு வேறு, கேள்வி வேறு



பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளிடம் "விரும்பிய விடயத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி வாருங்கள்" என்று பேராசிரியர் சொன்னால், பலர் உடனே தெரிவுசெய்வது "ஈழத்தமிழ் அகதிகள்" என்பதைத்தான். நல்ல விருப்பம். ஆனால் அது பெரிய கடல். பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்குள் அதை அடக்கப் பார்த்தால், எல்லோருக்கும் தெரிந்ததையே மேலோட்டமாகச் சொல்லி முடிக்க வேண்டிவரும்.

அதை எப்படிச் சுருக்குவது? ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கு மேற்பட்ட தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். சில நாட்களிலேயே அவர்களுக்குக் கனடாவில் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கிடைத்தது. 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியா வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்கள். வந்தவர்கள் தமிழர், வந்த நாடும் அதே நாடு. இடையில் 24 வருடங்கள். என்ன மாறியது?

இப்போது ஒரு கேள்வி பிறந்துவிட்டது. ஆனால் இதுவும் பெரிதுதான். இன்னும் இறுக்குவோம்: "இந்த இரு சம்பவங்களிலும், முதல் இரண்டு வாரங்களில், ஒரு கனடியப் பத்திரிகை வந்தவர்களை எந்தச் சொற்களால் குறிப்பிட்டது?" இதை ஒரு மாணவர் ஒரு தவணைக்குள் செய்து முடிக்கலாம்.

கேள்வி சரியானதா என்று பார்க்க மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, ஆதாரம் கைக்கெட்டுமா? பழைய பத்திரிகைகளைப் பல்கலைக்கழக நூலகங்களில் பார்க்கலாம். நாடாளுமன்ற விவாதங்களை இணையத்திலேயே படிக்கலாம். தலைப்பை உறுதிசெய்ய முன்னர் நூலகரிடம் ஒருமுறை கேளுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளை 2010இல் இங்கு வெளிவந்த தமிழ்ப் பத்திரிகைகளையும் ஒப்பிடலாம். தமிழ் தெரியாதவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டாவது, பின்னணி தெரியுமா? 1989இல் அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் புதிய சபை இயங்கத் தொடங்கியது. 2001இல் செப்டெம்பர் 11 தாக்குதல். 2006இல் கனடா விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 2009 மே மாதம் போர் முடிந்தது. இவற்றில் எது மாற்றத்துக்குக் காரணம் என்பதைப் படித்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் கடினம். விடை முன்பே தெரிந்திருக்கிறதா? "எங்களுக்கு அநீதி நடந்தது என்று நிரூபிக்கப் போகிறேன்" என்பது தீர்ப்பு, கேள்வி அல்ல. 1986இல் வந்தவர்கள் முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். பின்னர் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பல் ஏறியது தெரியவந்தது. அதனால் கடும் விமர்சனமும் எழுந்தது. எங்கள் ஆட்களின் மானம் போய்விடும் என்று இதை மறைத்தால் கட்டுரை அங்கேயே பலவீனப்பட்டுவிடும். உயிருக்குப் பயந்து வந்தவர்கள் ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்று கேளுங்கள். கட்டுரையின் கனமான பகுதி அதுவாகவே அமையலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வந்து "அப்பா, நீங்கள் எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டால், "படிக்கிற வேலையைப் பார்" என்று விரட்டாதீர்கள். வழி, வருடம், தங்கிய இடம் இவற்றைச் சொல்லுங்கள். நல்ல கேள்விகள் அங்கிருந்துதான் முளைக்கும். ஆனால் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது உங்கள் உரிமை. ஊரில் இருக்கும் உறவினரின் பெயர்களும், அகதி விசாரணையில் சொன்ன விபரங்களும் கட்டுரைக்குப் போகத் தேவையில்லை.

பிள்ளைகளே, ஆட்களை நேர்கண்டு ஆய்வு செய்வதென்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் செல்லலாம். வீட்டுக்குள் இருக்கும் அம்மம்மாவை நேர்காண்பதாக இருந்தாலும் பேராசிரியரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

எங்கள் வரலாற்றை மற்றவர்கள் எழுதுகிறார்கள். அதை எங்கள் பிள்ளைகளும் எழுத வேண்டும். சிறிய கேள்வியாக இருக்கட்டும், விடை நேர்மையாக இருக்கட்டும்.