'பொது' என்று போட்டிருக்கிறது

(பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கலைப்புலத்தின் நிகழ்ச்சி நிரல் உங்கள் விடுதிப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பருவத்தில் அறக்கட்டளைச் சொற்பொழிவு ஐந்து. கலைமாலை இரண்டு. கருத்தரங்கம் ஒன்று. மேலே பெரிய எழுத்தில் 'பொதுச் சொற்பொழிவு' என்று போட்டிருக்காங்க. கீழே, 'அனைவரும் வருக'. இந்தப் 'பொது'வைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இது நமக்குப் பழைய சொல். பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு. எதன் முன்னால் இந்தச் சொல் ஒட்டியிருந்ததோ அதன் பக்கம் சேரிக்காரன் போக முடியாமல் இருந்தது. தீர்மானங்கள் இல்லாமல் இல்லை. அரசுப் பணத்தில் கட்டிய குளம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் தீண்டப்படாதவர்களுக்கும் உண்டு என்று 1923-ல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் பொதுச் சாலைகளுக்கும் கிணறுகளுக்கும் அப்படியொரு தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார். மகாடு நகராட்சியும் சவுதார் குளம் எல்லோருக்கும் என்று எழுதிவைத்தது. காகிதத்தில் குளம் திறந்தாகிவிட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஜனங்களோடு நடந்துபோய் அள்ளிக் குடிக்கும்வரை அது திறக்கவில்லை. குடித்ததற்கு அடி விழுந்தது. தீட்டுக் கழித்தார்கள். தனியார் குளம் என்று வழக்குப் போட்டார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே வாபஸ் வாங்கியது. பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937-ல். ஒரு குளம் உண்மையிலேயே பொதுவாக 14 வருஷம்.

அழைப்பிதழில் இருக்கிற 'பொது'வும் இதே ரகம்தான்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு எப்படி நடக்கிறது? நான் வங்கிக் குமாஸ்தா, எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்றேன். ஒருவர் ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிறார். அது வைப்புநிதியாகப் போடப்படுகிறது. அசலைத் தொடக் கூடாது. வருகிற வட்டியில் பேச்சாளருக்குப் பயணப்படி, மதிப்பூதியம், பொன்னாடை, அழைப்பிதழ் செலவு, வந்தவர்களுக்குக் காப்பி. எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதைப் பணம் கொடுத்தவர் பத்திரத்திலேயே எழுதிவைத்துவிடலாம். அவர் செத்து எத்தனை காலம் ஆனாலும் அவருக்குப் பிடித்த விஷயத்தில் வருஷா வருஷம் பேச்சு நடந்துகொண்டிருக்கும். நிலம் வைத்திருந்தவர்களிடம் அசல் சேர்ந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்குக் கூலி பாக்கிதான் சேர்ந்தது. எது அறிவு, எது வருஷா வருஷம் பேசப்பட வேண்டியது என்ற தேர்வுக்குள் இந்தக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. துறைத்தலைவர் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நேரத்தையும் பாருங்க. ஐந்து சொற்பொழிவும் வேலைநாளில், பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் நான் கௌண்டரில் இருப்பேன். துப்புரவுத் தொழிலாளி இரண்டாவது நடையில் இருப்பார். கட்டட வேலைக்குப் போன உங்கள் அம்மா சாரத்தில் நிற்பாங்க. அப்ப 'அனைவரும்' என்பது யார்?

நாம் இந்த நிரலில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறோம். கலைமாலையின் தொடக்கத்தில், 15 நிமிஷம்: 'பறையாட்டம் - குழுவினர்'. துணைவேந்தரின் பட்டங்கள் ஒன்றரை வரி. அடிக்கிறவர்களுக்குப் பேர் கிடையாது. அவர்கள் அடித்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே போன பிறகு, உள்ளே ஒரு பேராசிரியர் 'நாட்டார் இசையில் எதிர்ப்புக் கூறுகள்' பற்றிப் பேசுவார். கை நம்முடையது, வாய் அவர்களுடையது. ஊர் இழவு வீட்டில் வாசலோடு நிறுத்துகிற ஏற்பாட்டுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பறை அடிக்கவே கூடாது, அது அடிமைத்தொழில் என்று நம் ஊர்களில் தப்பைக் கீழே வைத்தவர்கள் இருக்கிறார்கள். அது விடுதலையின் இசை என்று கையில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேர் கோபமும் நியாயமானது. என் நிலைப்பாடு: அடிக்கிறவர் கையில் மைக்கும் வரவேண்டும். தோலை எப்படிப் பதம் பண்ணுவது, வைக்கோல் தீயில் எவ்வளவு நேரம் காட்டுவது, அடிக்குச்சிக்கும் சுண்டுகுச்சிக்கும் என்ன பேச்சு, சாவுக்கு எந்த அடி, கல்யாணத்துக்கு எந்த அடி - இது ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்கான விஷயம் இல்லையா? இதற்கு இன்னொருவர் வந்து உரை எழுத வேண்டுமா?

முடியும் என்று காட்டியவர் நம்மிடமே இருந்தார். மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன். 'தன்னானே' குழுவோடு மேடையில் பாடியவரும் அவர்தான், புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளியில் வகுப்பெடுத்தவரும் அவர்தான். 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார், 'வடு' எழுதினார். பாட்டையும் ஆய்வையும் இரண்டு ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. 2016 ஜனவரி 17-ல் அவர் இறந்தார்.

அதே நாளில்தான் ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா இறந்தார். தில்லிக் கல்லூரி ஒன்றில் 'முசாபர்நகர் பாக்கி ஹை' ஆவணப்படத் திரையிடலைத் தடுத்ததைக் கண்டித்து, 2015 ஆகஸ்டில் அங்கே அம்பேத்கர் மாணவர் சங்கத்தினர் கூடினார்கள். அதைத் தொடர்ந்த தகராறில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். தண்டனையைக் கவனியுங்கள்: விடுதிக்குள், நிர்வாகக் கட்டடத்துக்குள், பொது இடங்களுக்குள் கூட்டமாக நுழையக் கூடாது. மறுபடியும் 'பொது'! அவர்கள் வளாகத்தில் திறந்தவெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பேர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று அர்த்தம். சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்துக்கு 2015 மே மாதம், ஒரு மொட்டைக் கடுதாசியை ஒட்டி அங்கீகாரம் பறிபோனது. போராட்டம் பரவியதும் ஜூனில் திரும்பக் கொடுத்தார்கள். ஒரு படம், ஒரு துண்டறிக்கை, ஒரு கூட்டம் - இவை சின்ன விஷயம் என்று நாம் நினைக்கலாம். அதிகாரம் அப்படி நினைப்பதில்லை.

மேடையே தராவிட்டால்? 1936-ல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் தலைமையுரைக்கு அம்பேத்கரைக் கூப்பிட்டது. எழுதிய உரையைப் பார்த்துப் பயந்து, சில பகுதிகளை எடுக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. மாநாடு நின்றது. அவரே செலவு செய்து 1,500 பிரதி அச்சடித்தார். அதே வருஷம் பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது. 'ஜாதியை ஒழிக்க வழி' என்று புத்தகமாகவும் வந்தது. நடக்காத சொற்பொழிவுதான் இன்றுவரை படிக்கப்படுகிறது.

ஆகவே நான்கு வேலை சொல்றேன்.

ஒன்று, போங்கள். ஒருவர் இருவராக இல்லை, முப்பது பேராகப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். கேள்வியை முந்தின நாளே எழுதிவையுங்கள். 'நேரமில்லை' என்றால் எழுதிய தாளைப் பேச்சாளர் கையிலேயே கொடுங்கள்.

இரண்டு, கலைப்புலத்துக்குக் கடிதம் எழுதுங்கள். பறைக்கலைஞர்களின் பேர் அழைப்பிதழில் வரவேண்டும். அவர்களில் ஒருவர் ஒரு மணி நேரம் பேச வேண்டும், அதே மதிப்பூதியத்தோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

மூன்று, அசல் சேர்ப்போம். 1 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டியில் போட்டால் வருஷத்துக்கு 7,000 ரூபாய். வேலைக்குப் போன நம் ஆட்கள் 100 பேர் ஆளுக்கு 1,000 போட்டால் முடிகிற காரியம். முதல் ஆயிரம் என்னுடையது. பத்திரத்தை நாம் எழுதுவோம்: விடுமுறை நாளில் நடக்க வேண்டும், பேசுகிறவர் அந்த வேலையைச் செய்கிறவராக இருக்க வேண்டும்.

நான்கு, இதைப் பல்கலைக்கழகம் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அதையும் நம் பத்திரிகையில் அச்சடிப்போம். அந்தப் பேச்சைச் சேரியில் நடத்துவோம்.

முதல் சொற்பொழிவு வருகிற புதன்கிழமை. கடிதம் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். யார் எழுதுகிறீர்கள் என்று இப்பவே முடிவு பண்ணிவிடலாம்.

ஜெய்பீம்.